வியாழக்கிழமை எனக்கு ஓய்வு

அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். வீடு கோவில்பட்டியில். 2015-ல் ரிட்டயர் ஆனேன். என் மனைவிக்கு பார்க்கின்சன் நோய் என்று 2018-ல் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் சொன்னார். அதற்கு வெகு முன்பே அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

அவள் பூ கட்டுவாள். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே கால் கிலோ மல்லிகையைக் கட்டி முடித்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு நாள், "இந்தப் பூவுக்கு வாசமே இல்லைங்க, பழசைக் குடுத்துட்டான்" என்றாள். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். கும்மென்று மணந்தது. ஜலதோஷமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். இரண்டு வருஷம் கழித்துக் கட்டும் வேகம் குறைந்தது. வலது கை நாரைச் சுற்றிக் காத்திருக்கும், பூவைப் பிடித்திருக்கும் இடது கை விரல்கள் அடுத்த பூவுக்கு நகராது. அப்புறம் இடது தோளில் வலி. தோள்பட்டை இறுக்கம் என்று சொல்லி ஒன்றரை வருஷம் எண்ணெயும் ஊசியுமாகப் போனது. கையில் நடுக்கம் இல்லை, அதனால் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை.

மதுரை டாக்டர் அவளை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். "இடது கை வீசவே இல்லை, கவனிச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட நடந்தவன். கவனிக்கவில்லை.

உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக்கொண்டு கையை உதறுவது, இதெல்லாம் நடை மாறுவதற்குப் பல வருஷம் முன்பே வரலாமாம். 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஆறே ஆறு பேரை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதினார் என்றும், அதில் சிலரைத் தெருவில் பார்த்துத்தான் குறிப்பு எடுத்தார் என்றும் பிற்பாடு படித்தேன். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாத்தூர் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் ஏறுவார். சின்னச் சின்ன அடியாக, ஓடுகிற மாதிரி வருவார், படிக்கட்டுக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். "ஏறுங்க பெரியவரே, வண்டி லேட்டாகுது" என்று எத்தனை தடவை அவரை விரட்டியிருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்துக்கூட ஏற்றியிருக்கிறேன். அவருக்கு என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. நானும் தெருவில்தான் பார்த்தேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். இந்த நோயில் மருந்தைப் போலவே மருந்தின் நேரமும் முக்கியம். அவளுக்கு அந்த டோபமைன் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று நான்கு வேளை. போட்டு முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகும். குளியல், கோயில், பேரனோடு பேச்சு எல்லாம் அந்த நேரத்தில்தான். அடுத்த வேளை நெருங்க நெருங்க உடம்பு கட்டை மாதிரி ஆகும், குரல் உள்ளே போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிற புரதம் மருந்தை உள்ளே போகவிடாமல் போட்டி போடும். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. காலையில் பால் குடிக்கும்போதே மாத்திரையையும் கொடுத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டு முட்டையையும் பருப்பையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிய பிறகு, பகல் பொழுது எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

நான் ட்ரிப் ஷீட் எழுதிப் பழகியவன். ஒரு நோட்டில் கோடு போட்டு, மாத்திரை கொடுத்த நேரம், உடம்பு இளகிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் எழுத ஆரம்பித்தேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறார். உறவுக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, எவ்வளவு என்று அளக்க முடியாது, இந்த மாத்திரையோடு சேர்த்துச் சொந்தமாகக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொடியை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

எனக்கு அதிகம் வலித்தது அவள் முகம். முகத் தசை சரியாக அசையாததால் சிரிப்பு வெளியே வருவதில்லை. மகள் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது சம்பந்தி அம்மாள், "அவங்களுக்கு எங்க மேல ஏதும் வருத்தமா?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் என் காதருகே, "நான் சிரிச்சுக்கிட்டுதாங்க இருந்தேன்" என்றாள்.

அடுப்படி நிலைப்படியில் அவள் கால் ஒட்டிக்கொள்ளும். தரையில் பசை போட்ட மாதிரி நிற்பாள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண், "இழுக்காதீங்க ஐயா, விழுந்துடுவாங்க. தாண்டுறதுக்கு ஏதாவது குடுங்க, இல்ல தாளம் குடுங்க" என்றது. சிவப்பு இன்சுலேஷன் டேப்பை வாங்கி, நிலைப்படிக்கு இரு பக்கமும் ஓரடி இடைவெளியில் குறுக்காக ஒட்டினேன். கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் கால் தூக்குகிறது. ஒரு நாள் என்னையறியாமல் பழைய குரலில் "போலாம் ரைட்!" என்றேன். இடது கால் எழுந்தது. "ரைட்... ரைட்..." என்று சொல்லச் சொல்ல ஹால் வரை வந்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் தினமும் நாலைந்து தடவை வண்டி கிளம்புகிறது.

ஒரு விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு கிளினிக்கில் தெரியாமல் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அவள் எழுந்திருக்கவே முடியவில்லை. அதிலிருந்து அவள் பையில் ஒரு அட்டை இருக்கிறது: நோயின் பெயர், மாத்திரை நேரம், ஆகாத மருந்துகள், லெவோடோபாவைத் திடீரென நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்த அட்டையைத்தான் நீட்டுகிறேன்.

இனி என் கதை. நாலு வருஷம் யாரையும் நான் உள்ளே விடவில்லை. மகள் பெங்களூரிலிருந்து ஆள் வைக்கலாம் என்றால், "என் பொண்டாட்டிய நான் பாத்துக்க மாட்டேனா?" என்பேன். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். தானாகப் புரண்டு படுக்க அவளால் முடியாது. ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு நாலாவது தடவை கூப்பிட்டபோது, "கொஞ்ச நேரம் சும்மா கிடக்க மாட்டியா?" என்று கத்திவிட்டேன். அவள் அதற்கப்புறம் விடியும் வரை கூப்பிடவில்லை. காலையில் பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது. விரிப்பை அலசும்போது என் கை நடுங்கியது. இன்றைக்கும் அந்த இரண்டரை மணி எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாதமே, 2022 ஜூலையில், ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தேன். பிரஷர் 190. "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார் டாக்டர். யோசித்தால், கடைசியாக எப்போது போட்டேன் என்றே ஞாபகம் இல்லை. அவளுடைய ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரம் எழுதியிருக்கிறேன், என்னுடையதற்கு அந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

அன்றைக்கு என் கொழுந்தியாள் வந்து நின்றாள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அத்தான்" என்று எல்லோரும் சொல்வதை அவள் சொல்லவில்லை. "வியாழக்கிழமை காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணி வரை அக்கா என் பொறுப்பு. நீங்க வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள். மகள், இதைச் செய்யுங்கள் அதைச் செய்யுங்கள் என்று போனில் சொல்வதை நிறுத்திவிட்டு, மாத்திரை வாங்கி அனுப்புவதையும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டையும் முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அம்மாவுக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்ததும் அவள்தான். மருமகன் ராத்திரிக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு செய்து, சம்பளத்தை அவரே அனுப்புகிறார். வாரத்தில் மூன்று ராத்திரி நான் முழுசாகத் தூங்குகிறேன். பராமரிக்கிறவர்களைப் பார்த்து "நீங்க தெய்வம்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு கிழமையையும் ஒரு மணியையும் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

முதல் வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பத்து மணிக்கே திரும்பிவிட்டேன். வாசலில் கொழுந்தியாள் மறித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவளுடைய சின்னக் குரல், "முடியாவது வெட்டிட்டு வாங்களேன், காடு மாதிரி கிடக்கு" என்றது. போய் வெட்டிக்கொண்டு, பழைய டிரைவர் நண்பரோடு சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வந்தேன். நோட்டில் நாள் முழுக்கக் கொழுந்தியாள் கையெழுத்து. 10 மணி மாத்திரை 10-க்கு, 2 மணி மாத்திரை 2.05-க்கு. அதற்குக் கீழே புதிதாக ஒரு கோடு போட்டு, "அத்தான் பிரஷர் மாத்திரை: ராத்திரி 8" என்று எழுதியிருந்தாள்.