துப்பாக்கி கேஸ் அப்பீல்ல நான் முதல்ல தேடுற பக்கம்

கலிபோர்னியால கிரிமினல் அப்பீல் பாக்குற வக்கீல் ஆபீஸ்ல வேலை எனக்கு. அப்பீல்னா சாட்சியெல்லாம் திரும்ப கூப்பிட்டு முதல்லேர்ந்து விசாரிப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி எதுவும் கிடையாது, கீழ் கோர்ட் ஃபைலும் அங்க பேசினத டைப் பண்ண டிரான்ஸ்கிரிப்ட்டும் தான் எங்க கையில இருக்கும்.

துப்பாக்கி தாக்குதல் கேஸ்னா நான் சாட்சியம் படிக்கிறதுக்கு முன்னாடியே தண்டனை சொன்ன அன்னிக்கு உள்ள பக்கத்துக்கு போயிடுவேன். காரணம் கணக்கு தான். கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தோட 245வது செக்‌ஷன்ல சாதா துப்பாக்கி தாக்குதலுக்கு ஸ்டேட் பிரிசன்னா 2, 3 இல்ல 4 வருஷம், அதுக்கு மேல 12022.5னு ஒரு என்ஹான்ஸ்மென்ட், அதாவது துப்பாக்கிய பயன்படுத்தினதுக்கு கூடுதல் தண்டனை, அது 3, 4 இல்ல 10 வருஷம். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதை தான். துப்பாக்கி இல்லாம அந்த குற்றமே இல்ல, அப்புறம் அதே துப்பாக்கிக்கு இன்னொரு தடவை எப்படி கூட்டலாம்னு கேட்டா, பொதுவா கூட்டக்கூடாது தான், ஆனா 245க்கு கூட்டலாம்னு சட்டத்துலயே தனியா எழுதி வச்சிருக்காங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது ஒப்பல.

2018 ஜனவரி 1க்கு முன்னாடி ஜட்ஜே நினைச்சாலும் இந்த கூடுதல் தண்டனைய எடுக்க முடியாது. எஸ்பி 620ன்னு ஒரு சட்டம் வந்தப்புறம் தான் நியாயம்னு பட்டா தள்ளுபடி பண்ணலாம்னு ஆச்சு, தண்டனைய குறைக்கிற புது சட்டம் இன்னும் முடியாத கேஸுக்கும் செல்லும்னு எஸ்ட்ராடான்னு 1965 தீர்ப்பு இருக்குறதால, அப்பீல் இன்னும் முடியாம இருந்த பழைய கேஸுக்கும் அது பொருந்திச்சு. அந்த மாதிரி கேஸ்ல ஜட்ஜ் வாயிலேர்ந்து வந்த ஒரு வரி தான் எல்லாமே. "சட்டம் இப்படி இருக்கு, நான் என்ன பண்றது"ன்னு சொல்லியிருந்தா கேஸ் திரும்ப கீழ போக வாய்ப்பு உண்டு, "எனக்கு அதிகாரம் இருந்தாலும் குறைக்க மாட்டேன்"னு சொல்லியிருந்தா கிட்டத்தட்ட முடிஞ்சிச்சு.

அதே பக்கங்கள்ல தான் அடிபட்டவங்க பேசினதும் இருக்கும், ராத்திரி தூங்க முடியல, வாசல் கதவு தட்டினாலே பயம்னு. அதையும் தாண்டி போக முடியாது, படிச்சிட்டு தான் எழுதணும்.

குடும்பத்துக்காரங்க போன் பண்ணி ஜெயிச்சிட்டோமான்னு கேப்பாங்க. ரிமாண்ட் ஆனா, அதாவது கேஸ் திரும்ப கீழ் கோர்ட்டுக்கு போனா, ஜட்ஜ் இன்னொரு தடவை யோசிக்கணும்னு தான் அர்த்தம், யோசிச்சிட்டு அதே வருஷத்த திரும்ப போடவும் செய்யலாம். அதனால ஜெயிச்சாச்சுங்கிற வார்த்தைய நான் சொல்றதே இல்ல, அடுத்த ஹியரிங் தேதிய மட்டும் சொல்லுவேன்.