வீட்டில் கட்டிய சிஎன்சி ரௌட்டர்: முக்கால்வாசி வேலை இரும்பில்தான்

வீட்டிலேயே சிஎன்சி ரௌட்டர் (கணினி சொல்லும் பாதையில் கட்டரை ஓட்டி மரம் வெட்டும் மெஷின்) செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஆர்டுயினோ என்ற குட்டி கன்ட்ரோல் போர்டும், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரும்தான். மேசை மேல் மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் பாதிக் கிணறு தாண்டிய தெம்பு வந்துவிடும். உண்மையில் அது பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் 600-க்கு 900 மி.மீ. வெட்டும் பரப்புள்ள மெஷின் ஒன்றைக் கட்டினேன், இப்போது அதில் மரவேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டும்போது நேரத்தையும் தூக்கத்தையும் தின்றவை இரண்டே விஷயங்கள். மெஷின் நகரும் ரெயில் உட்காரும் பரப்பைச் சமமாக்குவது ஒன்று, விஎஃப்டி (கட்டரைச் சுற்றும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கிளப்பும் மின் இரைச்சல் இன்னொன்று. இந்த இரண்டையும் பற்றி நீளமாக எழுதுகிறேன், மற்றதெல்லாம் யூட்யூப்பில் கொட்டிக் கிடக்கிறது.

முதலில் அளவு. எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட்டை முழுசாகப் போட்டு வெட்டணும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் கேன்ட்ரி (கட்டரைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) எவ்வளவு நீளமோ அவ்வளவு வளையும், அதுவும் நேர் விகிதத்தில் இல்லை. ஒரு கட்டையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். நீளத்தின் மும்மடி கணக்கு அது. 600 மி.மீ. அகலத்துக்குக் கெட்டியாக நிற்கும் அதே பைப்பை 1200 மி.மீ. அகலத்துக்குப் போட்டால் கட்டர் மரத்தைத் தொட்டதுமே நடுங்கும், வெட்டின ஓரத்தில் அலை அலையாக வரி விழும். வேலைக்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூட்டாதீர்கள்.

ஃபிரேமுக்கு 72-க்கு 72 ஸ்கொயர் பைப், 4.8 மி.மீ. கனம். இதைப் புதிதாகத்தான் வாங்கினேன், பழைய பைப் நேராகக் கிடைப்பது அபூர்வம். கேன்ட்ரியின் இரண்டு பக்கக் கால்களுக்கு வேண்டிய 12 மி.மீ. பிளேட் மட்டும் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் துண்டாகக் கிடைத்தது. பைப்பின் 4.8 மி.மீ. கனத்தில் எம்5 (5 மி.மீ. போல்ட்) மரை போட்டால் ஆறு சுற்றுதான் பிடிக்கும். ரெயில் போல்ட்டுக்கு அது போதும் என்பார்கள், எனக்கு மனசு வரவில்லை. ரெயில் வரும் இடம் முழுக்க 10 மி.மீ. பட்டை ஒன்றை மேலே வைத்து வெல்டு செய்யச் சொன்னேன்.

வெல்டிங் எங்கள் ஏரியாவிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒருவர். முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப் கம்பெனிகளுக்கு ஃபிரேம் அடித்த கை. டிராயிங்கைப் பார்த்ததும், "ஒரே ஓட்டமா அடிச்சா இழுத்துக்கும் கண்ணு, அப்புறம் நீ எந்த மட்டம் வெச்சாலும் நிக்காது" என்றார். எல்லா மூலைகளிலும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்டு) அடித்து நிறுத்தி, குறுக்குவிட்டம் இரண்டையும் நாடா வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு இன்ச், எதிர்மூலையில் ஒரு இன்ச் என்று மாற்றி மாற்றி வெல்டு போட்டார். நடுவில் ஆறவிட்டு டீ குடிக்கப் போனதும் அதே வேலையின் பகுதிதான். அவ்வளவு கவனமாகச் செய்தும், ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்க்கட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்த்தால் நடுவில் கிட்டத்தட்ட அரை மி.மீ. இடைவெளி. வெல்டிங் என்றால் அப்படித்தான், யார் அடித்தாலும் கொஞ்சம் இழுக்கும். எச்ஜிஆர்20 ரக ரெயிலை அதன் மேல் அப்படியே முறுக்கினால் ரெயிலும் சேர்ந்து வளையும், ரெயில் மேல் ஓடும் பிளாக் ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் லேசாக ஓடும்.

இதைச் சரிசெய்ய நேர்வழி, பிளானோ மில்லிங் மெஷினில் ஏற்றி மேல்பரப்பைச் சீவி எடுப்பது. கோவையில் அதைச் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன, காசும் ஃபிரேமை ஏற்றிப்போக வண்டியும் இருந்தால் தயங்காமல் அதையே செய்யுங்கள். எனக்குக் காசு ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுற்றும் மோட்டார்) போய்விட்டதால் எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) வழிக்கு வந்தேன். வீடு கட்டும் மேஸ்திரி தண்ணீர் ட்யூப் பிடித்து மட்டம் பார்க்கிறாரே, அதே தத்துவம்தான். இரண்டு பக்கப் பட்டைகளின் மேலும் ஓரத்தில் தடுப்பு ஒட்டி ஒரு வாய்க்கால் மாதிரி ஆக்கி, இரண்டு வாய்க்காலையும் ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்துவிட வேண்டும். ஊற்றினதும் எபாக்சி தானே ஓடி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சி இதற்கு உதவாது, மெதுவாக இறுகுகிற, தண்ணியாக ஓடுகிற ரகம் வேண்டும்.

நம்ம ஊர் வெயில்தான் இதில் வில்லன். எபாக்சி சூடு கூடக் கூட வேகமாக இறுகும், கலந்த டப்பாவிலேயே தன் சூட்டில் தானே புகைய ஆரம்பித்துவிடும். விடியற்காலையில், ஷெட் ஷட்டரை இறக்கி ஃபேனையும் நிறுத்திவிட்டு ஊற்றினேன். எடை பார்த்துக் கலப்பதற்குச் சமையலறைத் தராசு (வீட்டில் கேட்காமல் எடுத்தேன், இப்போது வேறு வாங்கிக் கொடுத்தாயிற்று). மெதுவாக, குமிழி வராமல் கிண்டி, ஒரே இடத்தில் நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது தானாகப் பரவும். மேலே வரும் குமிழிகளை கேஸ் டார்ச்சைத் தூரத்தில் பிடித்து ஒரு ஓட்டு ஓட்டினால் உடைந்துவிடும். அப்புறம் பூனை, அணில், வீட்டுக் குழந்தைகள் யாரும் கிட்டே வராமல் ஒரு வாரம் காவல். தொட்டால் காய்ந்த மாதிரி மறுநாளே இருக்கும், அதை நம்பி போல்ட் முறுக்கக் கூடாது. தடுப்பை ஒட்டி எபாக்சி சற்று மேலேறி நின்றிருக்கும், அந்த ஓர மேட்டைச் சீவி எடுத்துவிட வேண்டும். பட்டையை ரெயிலைவிட அகலமாக வாங்கச் சொல்வது இதனால்தான். காய்ந்த பிறகு அதே ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்தேன், 0.05 மி.மீ. ஃபீலர் இலை எங்கேயும் நுழையவில்லை.

ரெயில் போடுவதில் ஒரே விதி. முதலில் ஒரு ரெயிலை நேராக்கி இறுக்கிவிட்டு, இரண்டாவதை அதற்கு இணையாகக் கொண்டு வர வேண்டும். இரண்டையும் தனித்தனியாக நாடா வைத்து அளந்து போட்டால் விடியாது. எச்ஜிஆர்20-இல் துளைகள் 60 மி.மீ.க்கு ஒன்று, எம்5 போல்ட், 4.2 ட்ரில் போட்டு, மரை வெட்டும் டேப் ஓட்டணும். டேப் ஓட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, கொஞ்சம் எண்ணெய். முதல் ரெயிலின் பிளாக்கில் ஒரு கம்பி கட்டி, அதன் நுனியில் டயல் கேஜ் (துளி நகர்வையும் முகப்பில் காட்டும் கருவி) வைத்து, முள் இரண்டாவது ரெயிலின் பக்கவாட்டைத் தொடுகிற மாதிரி தள்ளிக்கொண்டே போனால் எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். மோட்டாரின் சுற்றலை நேர் நகர்வாக்கும் பால் ஸ்குரூ (எஸ்எஃப்யூ1605, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ.) மாட்டும்போதும் இதே பொறுமைதான். கேன்ட்ரியை ஒரு கோடிக்குத் தள்ளி அந்தப் பக்க பேரிங் கட்டையை இறுக்கு, மறுகோடிக்குத் தள்ளி அந்தப் பக்கத்தை இறுக்கு. ஸ்குரூவை விரலால் சுற்றினால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். எங்காவது இறுகினால் மோட்டார் அங்கேதான் ஸ்டெப்பைத் தவறவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் சுருக்கமாக. நீமா 23 மோட்டார் நான்கு (நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்று), அவற்றை ஓட்டும் டிஎம்542 டிரைவர்கள், 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஆர்டுயினோ ஊனோ, அதில் மெஷினை நகர்த்தும் ஜிஆர்பிஎல். இலவச மென்பொருள், நம்பி ஏற்றலாம். மோட்டாருக்கு ஒரு சுற்று 200 ஸ்டெப், டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1600, ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ., ஆக ஒரு மி.மீ.க்கு 320. இந்த எண்ணை அப்படியே போடுங்கள். வெட்டிய துண்டு 0.2 மி.மீ. குறைகிறது என்று 320-ஐ 320.6 ஆக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் ஸ்குரூவில் அந்தக் கணக்கு தப்பாது, குறைவது கட்டர் விட்டத்திலோ, நட்டில் இருக்கும் தளர்விலோ, கேன்ட்ரி வளைவிலோதான். எண்ணை மாற்றினால் இந்தத் துண்டு சரியாக வந்து அடுத்த துண்டு கெடும்.

கேன்ட்ரி செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது போடும் 3-4-5 கணக்கே போதும். கூர்முனைக் கட்டரால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் 600-க்கு 800 செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் புள்ளி வைக்கச் சொல்லி, குறுக்கே அளந்தால் இரண்டும் 1000 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் ஒரு பக்க ஸ்குரூவை மட்டும் கையால் துளி சுற்றி மறுபடி பார்க்கலாம்.

இப்போது விஎஃப்டி. 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், காற்றில் குளிர்வது. தண்ணீர் ரகம் சத்தம் குறைவு, ஆனால் பக்கெட்டும் பம்பும் பாசியும் எனக்கு வேண்டாம். இந்த ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று சுற்றும். விஎஃப்டி பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதன் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் என்றே இருக்கும். அதை 400 ஆக்காமல் ஓட்டினால் குறைந்த வேகத்திலேயே முழு வோல்டேஜும் போய் ஸ்பிண்டிலின் கம்பிச் சுருள் எரிந்துவிடும், சில நிமிஷம் போதும். ஸ்பிண்டிலை இணைக்கும் முன்பே அந்த அமைப்பைப் போட்டுவிடுங்கள். காற்றுக் குளிர்ச்சி ரகத்தில் விசிறி அதே தண்டில் இருப்பதால், குறைந்தபட்ச வேகத்தையும் 8,000 சுற்றுக்குக் கீழே போகாமல் பூட்டி வையுங்கள்.

ஸ்பிண்டில் இல்லாமல் மெஷின் தங்கமாக ஓடியது. ஸ்பிண்டில் போட்டதும் நாலு நிமிஷத்தில் அலாரம் 1, அதாவது லிமிட் சுவிட்ச் (கேன்ட்ரி ஓரத்தை எட்டினால் மெஷினை நிறுத்துவது) அமுங்கிவிட்டதாம். கேன்ட்ரியோ பலகையின் நட்ட நடுவில் நிற்கிறது, சுவிட்சுக்கும் அதற்கும் ஒரு முழ தூரம். சில சமயம் யூஎஸ்பி இணைப்பே அறுந்துவிடும், கட்டர் மரத்துக்குள் சுற்றிக்கொண்டே நிற்கும், கருகிய வாசனை வரும். விஎஃப்டி மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புவதால் ஸ்பிண்டில் கேபிள் ஒரு ஆன்டெனா ஆகிவிடுகிறது, பக்கத்தில் ஓடும் மெல்லிய லிமிட் ஒயர் அதைப் பிடித்துக்கொள்கிறது.

மருந்து ஒன்றில்லை, பல. முதலில் எர்த். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டும் அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்கள் ஷெட் பிளக்கைக் கழற்றினால் எர்த் பின்னில் ஒயரே இல்லை, வயரிங் செய்த புண்ணியவான் அதை மிச்சம் பிடித்திருக்கிறார். மெயின் போர்டிலிருந்து புது எர்த் இழுத்ததும் தொல்லை பாதி குறைந்தது, உயிருக்கும் நல்லது. அடுத்து ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு உள்ள நான்கு கோர் கேபிள், ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த்தில் பிடித்தேன். லிமிட் சுவிட்சுகளை எப்போதும் மூடிய இணைப்புக்கு (அமுங்கினால்தான் அறும்) மாற்றினேன், அறுந்த ஒயரும் இதில் தானாகவே தெரிந்துவிடும். ஒவ்வொரு லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். விஎஃப்டியை கன்ட்ரோல் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து எதிர்ச் சுவரில் மாட்டினேன். யூஎஸ்பி கேபிள் குட்டையாக, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருண்டையோடு. இத்தனைக்கும் பிறகு அலாரம் வருவது நின்றது. எது குணமாக்கியது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு நான் தயாரில்லை.

முதல் உருப்படியான வேலை வேப்பமரத்தில் ஒரு பல்லாங்குழி, ஏழு ஏழாக இரண்டு வரிசை. 6 மி.மீ. தட்டைக் கட்டரால் அரை மி.மீ. மிச்சம் வைத்துக் குடைந்துவிட்டு, அதே அளவு உருண்டை முனைக் கட்டரால் முடித்தேன். 16,000 சுற்று, இரண்டு பல், பல்லுக்கு 0.06 மி.மீ. வீதம் சீவினால் நிமிஷத்துக்கு 1,920 மி.மீ. வேகம் வருகிறது. வரிக்கு வரி 0.6 மி.மீ. நகர்த்தினால் நடுவில் நிற்கும் மேடு 0.015 மி.மீ.தான், கையில் தட்டாது. குழியின் அடியில் மட்டும் சொரசொரப்பு. உருண்டை முனையின் நுனி சுற்றினாலும் அந்த இடத்தில் வெட்டும் வேகம் பூஜ்யம், அது வெட்டாமல் தேய்க்கும். அங்கே உப்புத்தாள் வைத்துக் கையால் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. அம்மா புளியங்கொட்டையைப் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு, "சுவரு செங்குத்தா இருக்குடா, விரல விட்டு வழிச்சு அள்ள வரல" என்றார். அடுத்த பலகையில் குழியை அகலமாக்கி ஓரத்தைச் சரிவாக்கினேன். கோப்பில் ஒரு எண்ணை மாற்றினால் பதினாலு குழியும் மாறிவிடுகிறது.

தூசிக்கு ஏற்பாடு செய்யாமல் எம்டிஎஃப் வெட்டாதீர்கள். அந்தப் பொடி மாவை விடச் சன்னம், ஒட்டுப் பசையில் ஃபார்மால்டிஹைடு வேறு. முகக்கவசமும், சைக்ளோன் (தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் பெட்டி) வைத்த வேக்குவமும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே, அதில் ஸ்பிண்டில், ரெயில், ஸ்குரூ மூன்றும்தான் பெரும்பங்கு. அலுமினியம் வெட்டுமா என்று கேட்பவர்களுக்கு, வெட்டும். ஒற்றைப் பல் கட்டர், ஒரு தடவைக்கு 0.3 மி.மீ. ஆழம், அவ்வப்போது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். ஆனால் Z அச்சின் (கட்டர் மேலும் கீழும் நகரும் பகுதி) பிளேட் இன்னும் மெலிசு, கட்டர் கிறீச்சிடுகிறது. 12 மி.மீ. அலுமினிய பிளேட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், புது Z பிளேட்டை இந்த மெஷினிலேயே, இந்தக் கிறீச்சோடு, மெதுவாக வெட்டிக்கொள்ளப் போகிறேன்.