ஆற்காட்டிலிருந்து அஸ்காட்டுக்கு எவ்வளவு?

மாமாவுக்கு வயது 71. கிண்டி குதிரை ரேஸில் முப்பது வருடம் பணம் கட்டியவர். கட்டியதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அத்தை இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தாகி மைதானத்துக்கு அரசு பூட்டுப் போட்ட செய்தி வந்தபோது, மாமா இரண்டு நாள் செய்தித்தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, கண் நன்றாகத் தெரியும்போதே வெளிநாட்டில் ஒரு பெரிய ரேஸைப் பார்த்துவிட வேண்டும். டிக்கெட் என்ன விலை, கிடைக்குமா கிடைக்காதா, விசாரித்துச் சொல்.”

விசாரித்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவரை ஆற்காட்டில் காரில் ஏற்றிக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் கணக்கு ஒப்பிப்பதாகத் திட்டம்.

முதலில் டெல்லி கேட். 1751இல் ஆங்கிலேயரான கிளைவ் உள்ளே இருந்துகொண்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சம் என்று காட்ட இந்த வாசல்தான் இருக்கிறது. அதன் நிழலில் நின்று ஆளுக்கு இரண்டு மக்கன்பேடா. சர்க்கரை இருக்கிறதே என்றேன். பாகைப் பிழிந்துவிட்டுச் சாப்பிடுவதாக வாதாடினார்.

இந்தச் சாலைக்கும் குதிரைக்கும் பழைய கணக்கு உண்டு. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த விடியற்காலை. செய்தி ஆற்காட்டுப் பாசறையை எட்டியதும் கில்லெஸ்பி என்ற ஆங்கிலேயத் தளபதி குதிரைப்படையோடு கிளம்பி, ஏறக்குறைய 25 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடந்தார். மற்றவர்கள் பின்தங்கிவிட, சுமார் இருபது பேரோடு அவர் முன்னால் போய்ச் சேர்ந்தார். நம் சிப்பாய்களுக்கு அந்த வேகமே எமனாக வந்தது. இந்த வட்டாரத்தில் குதிரை ஓடிய ஓட்டங்களில் இதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் மேல்விஷாரத்தில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றோம்.

“சரி, அஸ்காட் சொல்லு” என்றார் மாமா. ஆற்காட்டுக்காரருக்கு அஸ்காட் என்ற பெயரில் ஒரு மயக்கம்.

இங்கிலாந்தில் ஆன் அரசி 1711இல் தொடங்கிவைத்த குதிரை ஓட்டம். ஜூன் மாதம், ஐந்து நாள். அங்கே வகைக்கு ஒரு வேலி. விண்ட்சர் அடைப்பு மலிவு, உடையிலும் கெடுபிடி இல்லை. குயின் ஆன் அடைப்பு என்றால் விலையும் கூடும், கோட்டும் டையும் கட்டாயம். ராயல் அடைப்புக்கோ காசு மட்டும் போதாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர், அதுவும் சில வருடங்கள் வந்து பழகியவர், நமக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு வால் வைத்த கோட்டு, உயரத் தொப்பி.

“நம் ஊர்க் கல்யாணத்தில் மேடைக்கு முன்னால் போட்ட சோபா மாதிரி” என்றார் மாமா. இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க முடியாது. கூடுதல் பணம் எதற்கு என்றால், குதிரை கிட்டத்தில் தெரிவதற்கு அல்ல. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி இன்னும் வேடிக்கை. மே மாத முதல் சனிக்கிழமை, ஓட்டம் இரண்டே நிமிடம். 2015இல் 1,70,513 பேர் வந்து சாதனை. நல்ல இருக்கைகளைப் பெரும்பாலும் முந்தைய நாள் வெள்ளிக்கிழமை நடக்கும் ஓக்ஸ் பந்தயத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். மலிவான அனுமதியே நூறு டாலரைத் தாண்டுகிறது. அதை வாங்கி மைதானத்தின் நடுப்பகுதியில் நின்றால் குதிரையின் காதுகூடத் தெரியாது, பெரிய திரையில் பார்க்க வேண்டும். “அதற்கு வீட்டு டிவி போதுமே!” என்றார் மாமா.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. போன வருடம் மறுவிற்பனை இணையதளம் ஒன்றில் ‘இன்னும் 2 டிக்கெட்தான்’ என்று சிவப்பில் மின்னியதைப் பார்த்துப் பதறி, அட்டை எண்ணைக்கூட அடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று வரிசையாக ஏறி, முதலில் காட்டிய விலை ஒன்றரை மடங்காகிவிட்டது. மூடிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், அப்போதும் அதே ‘2 டிக்கெட்தான்’. அன்றிலிருந்து பந்தயம் நடத்துகிறவர்களின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கும் நான் பார்ப்பதில்லை.

துபாயை மாமா ஒரே கேள்வியில் தள்ளிவிட்டார். மார்ச் கடைசியில் அங்கே மெய்தான் என்ற மைதானத்தில் நடக்கும் உலகக் கோப்பைக்குப் பரிசு கோடிக்கணக்கில், நமக்கும் பக்கம். ஆனால் பந்தயம் கட்டத் தடை. “பணம் கட்டாமல் பார்ப்பதற்கு நம் ஊர்க் காளை விடும் விழா இல்லையா?” உண்மைதான். தை பிறந்தால் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, எல்லையைத் தொட எத்தனை வினாடி என்று கணக்கிடுகிறார்கள். மாட்டுக்காரருக்குத்தான் நுழைவுக் கட்டணம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிற நமக்கு இலவசம், புழுதியும் சேர்த்து.

இலவசம் என்றதும் லண்டனுக்குப் பக்கத்து எப்சம் நினைவு வந்தது. 1780இல் தொடங்கிய ஆதி டெர்பி அது. உலகத்தில் எங்கே டெர்பி என்று பெயர் வைத்தாலும் இதைப் பார்த்து வைத்ததுதான். ஓடுபாதைக்கு நடுவில் இருக்கும் குன்றில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் டிக்கெட் இல்லாமல் கூடியிருக்கிறார்கள். பந்தயத்தைவிட லண்டன் விமானக் கட்டணமும் விசாவும்தான் பாரம்.

ரத்தினகிரி தாண்டும்போது ஹாங்காங்கை எடுத்தேன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஹேப்பி வேலி மைதானம், சீசன் நாட்களில் புதன்கிழமை இரவு. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள், நடுவில் விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் புல், வாசல்வரை டிராம். பொது நுழைவு 10 ஹாங்காங் டாலர், நம் பணத்தில் நூற்றுச் சொச்சம். டிசம்பரில் அங்கேயே ஷா டின் என்ற இன்னொரு மைதானத்தில் சர்வதேசப் பந்தயங்கள் நடக்கும், உலகின் முன்னணிக் குதிரைகள் வரும். இந்தியர்களுக்குப் பதினான்கு நாள்வரை விசா வேண்டாம், முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்தால் போதும்.

மாமா சத்துவாச்சாரி வரும்வரை பேசவில்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். தூண்தோறும் முன்னங்கால் தூக்கிய குதிரைகள், யாளிகள், மேலே வீரர்கள். ஒரு குதிரையின் கடிவாளத்தில் முடிச்சுகூட எண்ணலாம். இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு.

“கொண்டுபோயிருந்தால் இதற்கும் ஓர் அடைப்புப் போட்டு டிக்கெட் வைத்திருப்பார்கள்” என்றார் மாமா. பிறகு சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அது காலாவதியாகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து போனில் விண்ணப்பித்தேன். வேலூர்த் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பது வசதி. கட்டணம் 1,500 ரூபாய் என்று திரையில் வந்ததும் மாமா எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

“ஹேப்பி வேலிக்கு 13 புதன்கிழமை போகலாமே!”

கட்டச் சொன்னார்.