யார் கூற்று, யாருக்குக் கேட்கிறது: ரங்கூன் வகுப்பில் கற்ற இலக்கியச் சொற்கள்

ரங்கூனில் நாம் படித்த நாள்களில் அணி இலக்கணம் என்றாலே பலருக்கும் மனப்பாடம்தான் நினைவுக்கு வரும். தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளின் பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பவன் கெட்டிக்காரன் எனப் பெயர் வாங்கினான். நம் தமிழாசிரியர் ஐயாவோ பெயர்களைக் கடைசியில்தான் கொடுப்பார். முதலில் பாட்டைப் படிக்கவைத்து, அதில் என்ன நடக்கிறது என்று நாமே சொல்லும்வரை காத்திருந்து, நாம் கண்டுகொண்டதற்குப் பெரியவர்கள் இட்ட பெயர் இது என்பார். அந்த முறையினால்தான், வகுப்பை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் அச்சொற்கள் எனக்குப் பயன்படுகின்றன.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் "இது யார் கூற்று?" என்பதாகவே இருக்கும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை, 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று' என்று தொடங்குவதை, எடுத்துக்கொண்டார். பாடியவர் தேவகுலத்தார், ஆனால் பாட்டுக்குள் பேசுபவள் தலைவி. அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி, தலைவன் போன்ற பாத்திரங்களே பேசுவார்கள். அதன்பின் ஐயா பாட்டின் அடியில் உள்ள துறைக்குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பை, காட்டினார். தலைவனைப் பழித்துப் பேசிய தோழிக்குத் தலைவி மறுமொழி சொல்கிறாள். தலைவனோ வேலிக்கு வெளியே, அதாவது சிறைப்புறத்தில், நிற்கிறான். பின் வரிசையிலிருந்து ஒருவர், "அப்படியென்றால் கேட்க வேண்டியவர் அவர்தானா ஐயா?" என்று கேட்டார். "ஆமாம் தம்பி. தோழியிடம் சொல்வது அவன் காதில் விழவேண்டும். இதற்கு மேடை ஒன்றுதான் குறை" என்றார் ஐயா. ஒரே பாட்டில் கவிதையும் நாடகமும் இருப்பதை அன்றுதான் கண்டேன். சங்கப்பாட்டைத் துறைக்குறிப்பை விட்டுவிட்டு அச்சிடும் பதிப்புகளைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூற்று விளங்கியவனுக்குப் புனைகதையின் கதைசொல்லி தனிப்பாடமாகத் தேவைப்படவில்லை. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் 'நான்' என்று பேசுபவன் பிரதாப முதலியார் என்னும் செல்வர் வீட்டுப் பிள்ளை. எழுதிய வேதநாயகம் பிள்ளையோ மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். எழுதியவரையும் சொல்பவனையும் ஒருவராக எண்ணினால் கதையை ஆசிரியரின் வாக்குமூலமாகப் படித்துவிடுவோம். நோக்குநிலை, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு ஆகிய மற்றச் சொற்களை ஐயா விரைவாகவே கடந்து சென்றார்.

சிலப்பதிகாரத்துக்கு வந்தபோதுதான் அவர் நின்றார். புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். வையை ஆறு, 'தையற்கு உறுவது தானறிந்தனள் போல்', பூவாடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறது. மதில்மேல் பறக்கும் கொடிகள், 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட', அவர்களோ நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஆற்றில் பூ மிதப்பதும் காற்றில் கொடி அசைவதும் இயல்பானவை. அவற்றின்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வதால் இது தற்குறிப்பேற்ற அணி. ஐயா அத்தோடு விடவில்லை. வரப்போவது ஆற்றுக்குத் தெரிகிறது, கொடிக்குத் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. அந்த இருவருக்கு மட்டும் தெரியவில்லை. பாத்திரம் அறியாததைப் பார்ப்பவர் அறிந்திருப்பதை நாடக முரண் என்பார்கள் என்று அப்போது சொன்னார். ஓர் அணி, அணியாக இருந்துகொண்டே நாடகத்தின் வேலையையும் செய்வதற்கு இதைவிடச் சிறந்த இடத்தை நான் எங்கும் படித்ததில்லை.

நாடகச் சந்திகளை, அதாவது நாடகக் கதை வளரும் ஐந்து நிலைகளை, நடத்திய பாடத்தில் வகுப்பே மாறிப்போயிற்று. சிரியத்துக்கு அப்பால் கியாக்டான், தோங்வா பக்கத்து நெல்வயல்களிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் நம்மிடையே இருந்தார்கள். அதுவரை அவர்கள் வகுப்பில் அதிகம் பேசியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு எழுதிய உரையில் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் சந்திகள் ஐந்தையும் பயிரை வைத்தே விளக்குகிறார். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கதிரை உள்ளடக்கி நிற்பது கருப்பம். கதிர் விரிந்து முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து உண்டு மகிழ்வது துய்த்தல். ஐயா உரையைப் படிக்கப் படிக்க, நகரத்துப் பிள்ளைகளான நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். வயல்பக்கத்துப் பிள்ளைகளோ ஒவ்வொரு நிலையிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கவேண்டும் என்பதுவரை எடுத்துச் சொன்னார்கள். கருப்பம் என்ற நிலையில் கதிர் வெளியே தெரியாது, தண்டைத் தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும் என்று அவர்களில் ஒருவர் சொன்னபோது, "கதையிலும் அப்படித்தான், முடிவு அங்கேயே உள்ளே இருக்கிறது" என்று ஐயா மகிழ்ந்து சொன்னார். 1891இல் சுந்தரம் பிள்ளை ஐந்து அங்கங்களாக இயற்றிய மனோன்மணீயத்தை அடுத்துப் படித்தபோது, எந்த அங்கத்தில் எந்தச் சந்தி என்று அவர்களே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

அந்த வகுப்பில் முடியாமல் போன விவாதம் ஒன்று உண்டு. மதுரை எரிந்தபின் சிலப்பதிகாரம் நின்றிருக்கலாமே, வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைகள் எதற்கு என்று நம்மில் பாதிப்பேர் கேட்டோம். மதுரைக் காண்டம் விளைவு, வஞ்சிக் காண்டம் துய்த்தல் என்றார்கள் வயல்பக்கத்து நண்பர்கள். முற்றிய கதிரை வயலிலேயே விட்டுவிட்டு யாராவது வீடு திரும்புவார்களா என்பது அவர்கள் வாதம். சிலப்பதிகாரம் நாடகமல்ல, காப்பியம்; சந்திகளை அதன்மேல் அப்படியே பொருத்தலாமா என்று நான் எதிர்வாதம் செய்தேன். இப்போது அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறேன். கண்ணகியின் வழக்கு பாண்டியன் அவையில் தீர்ந்துவிடுகிறது. அதன் பயனோ, குன்றக் குறவர் அவளைக் கண்டு வியந்து ஆடும்போதும், சேரன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுக்கும்போதும்தான் மக்களைச் சேர்கிறது.