ஃபௌ, ஈ, யொட், ஆ, இப்சிலோன்

ஜேர்மன் மொழிச் சோதனையில் நான் முதலில் தடுமாறியது என் சொந்தப் பெயரில்.

2016, கொழும்பு. இவர் ஜேர்மன் பிரஜை. பதிவுத் திருமணமும் முடிந்துவிட்டது. ஆனாலும் மனைவியாக அங்கே போக ஏ1 என்கிற ஆரம்ப மட்டத்தில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். 2007 முதல் அப்படித்தான் சட்டம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் எல்லாம் சேர்த்து 100க்கு 60 எடுத்தால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் நாலு பெண்களாகத் தங்கி, மூன்று மாதம் வகுப்புக்குப் போனேன். நாலு பேருக்குமே வெளிநாட்டு மாப்பிள்ளைதான். ஒருத்தி குளிக்கும்போதும் வினைச்சொல் பாடமாக்குவாள்.

பேசும் சோதனையில் பெயரையோ தெருவையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். என் பாஸ்போட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அது 'விஜய' என்று தொடங்கும். சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது. இங்கிலீஷ் எழுத்துகளில் பழகிய நாக்குக்கு டொச் எழுத்துகள் பெரிய வில்லங்கம். நாங்கள் 'ஐ' என்கிற எழுத்தை அவர்கள் 'ஈ' என்பார்கள். நாங்கள் 'ஈ' என்பதை 'ஏ' என்பார்கள். 'வி' என்றால் 'ஃபௌ', 'ஜே' என்றால் 'யொட்', 'வை' என்றால் 'இப்சிலோன்'. அப்பாவின் பெயரில் இந்த மூன்றும் முதல் ஐந்து எழுத்துக்குள்ளேயே வந்துவிடும். பாதியில் இங்கிலீஷுக்குத் தாவி, திரும்ப வந்து, கடைசியில் வாயே மூடிக்கொண்டது. அதன் பிறகு கேட்ட எதற்கும் சரியாகப் பதில் வரவில்லை. பெறுபேறு 54.

இரண்டாம் தடவைக்கு முன்பு ஒரு மாதம் காலையில் எழும்பியதும் முதல் வேலை பெயரைக் கூட்டுவதுதான். அம்மா இதை போனில் கேட்டுவிட்டு, "என்ன மந்திரம் பிள்ளை?" என்றார். அந்த முறை 78.

விசாவுக்குத் தூதரகத்தில் கொடுக்கும் ஃபைல் அங்கேயே முடிவதில்லை. இவர் வசிக்கும் டோர்ட்முண்ட் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அவர்களும் சம்மதிக்க வேண்டும். எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதமும் கோயிலிலும் கடையிலும் "இன்னும் போகவில்லையா?" என்று கேட்காத ஆளில்லை. அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுவோம்.

2017 செப்டெம்பரில் வந்து இறங்கினேன். இரண்டு கிழமைக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதித்தரும் ஒரு கடிதம் தேவை. நகர அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க முன்கூட்டியே ஒரு நேரம், எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மா என் பாஸ்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இவரிடம் கேட்டார்: "இவருக்கு டொச் தெரியுமா?" இவர் சொன்னார்: "கொஞ்சம்." கேள்வியும் விளங்கியது, பதிலும் விளங்கியது. நான் பேசாமல் இருந்தேன். டொக்டரிடமும் வங்கியிலும் இதே கதைதான். காத்திருக்கும் இடத்தில் "ஃபிராவ் விஜய...", அதாவது திருமதி விஜய, என்று கூப்பிடுவார்கள். அப்பா எங்கே வந்தார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, அது நான்தான் என்று ஞாபகம் வந்து எழும்புவேன். எழும்பும்போது இவரும் கூடவே எழும்புவார்.

இவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1991இல் தனி ஆளாக வந்து, ஒரு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியபடியே டொச் பிடித்தவர். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இப்போது இருக்கும் ஒருங்கிணைப்பு வகுப்புகள் தொடங்கியதே 2005இல்தான். எனக்கு இலகுவாக இருக்கட்டும் என்றுதான் எல்லா இடத்திலும் அவர் பேசினார். ஆனால் அந்த இலகுவில் நான் ஊமையாகிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். இரண்டு பேரை வேலை வாங்கியவள்.

வகுப்பு என் விருப்பத்தால் வந்ததில்லை. வதிவிட அட்டை எடுக்கப் போனபோது, நீங்கள் கட்டாயம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு தாள் தந்தார்கள். 600 மணி மொழி, 100 மணி நாட்டின் சட்டமும் வரலாறும். ஒரு மணி என்றால் 45 நிமிடம். அப்போது மணிக்கு 1 யூரோ 95 சதம், மொத்தம் 1365 யூரோ. இவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பேசாமல் கிளீனிங் வேலைக்குப் போனால் ஆறு மாதத்தில் டொச் தானாக வரும் என்று ஒரு சொந்தக்காரர் ஆலோசனை வேறு. கட்டாயம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததால்தான் நான் தப்பினேன்.

2018 ஜனவரியில் தொடங்கியது. இருட்டோடு போய், பனியில் வழுக்கி, மத்தியானம் திரும்புவேன். வகுப்பில் பாதிப்பேர் சிரியாவிலிருந்து வந்தவர்கள். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அங்கே மருந்தகம் நடத்தியவள். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை டொச் மட்டுமே. பிழை பிடிக்க ஆளில்லாததால் இருவரும் வாய் ஓயாமல் கதைத்தோம். என் டொச் வளர்ந்தது அவளிடம்தான். ஆசிரியைக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவார்.

சட்ட வகுப்பில் ஒரு நாள். அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை: ஆணும் பெண்ணும் சம உரிமை உள்ளவர்கள். எழுதிக்கொண்டோம். அடுத்து ஆசிரியை சொன்னார், 1977 வரை மேற்கு ஜேர்மனியில் மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் அது வீட்டுக் கடமைக்கு இடைஞ்சலாக இல்லாவிட்டால்தான் என்று சட்டத்திலேயே இருந்தது. மருந்தகக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அதுவரை எங்களுக்குப் பாடம் எடுக்கும் நாடு என்று ஒரு கூச்சம் இருந்தது; அன்றைக்கு அது கொஞ்சம் கழன்றது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இதைப் புதிதாக வரும் பெண்களுக்கென்றே எழுதுகிறேன். எங்கள் விசா கணவரோடு கட்டப்பட்டது. இங்கே மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிந்தாலும் நாட்டில் இருக்கும் உரிமை பொதுவாகக் கிடைக்கும். ஆனால் வீட்டில் அடி, கொடுமை என்றால் அந்த மூன்று வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத் தேவையில்லை. கடுமையான துன்பத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. இது தெரியாமல் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி எங்கள் வகுப்பிலேயே இருந்தாள். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி இலக்கம் 116 016. அதற்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் எடுக்கலாம். சோதனையைவிட முதலில் பாடமாக்க வேண்டியது அந்த இலக்கம்.

அன்றைக்கே கடையில் ஒரு தடித்த ஃபைல் வாங்கினேன். என் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பெறுபேறுகள், வேலைக் கடிதங்கள், திருமணப் பதிவின் பிரதி எல்லாவற்றையும் இவருடைய ஃபைலிலிருந்து எடுத்து என் ஃபைலில் போட்டேன். "என்ன, பிரிந்து போகப் போகிறீரோ?" என்று பகிடியாகக் கேட்டார். பகிடிக்குள் கொஞ்சம் பயமும் இருந்தது என்று நினைக்கிறேன். "தேடும்போது உங்களை எழுப்பத் தேவையில்லை, அதுதான்" என்றேன்.

இறுதிச் சோதனை அந்த வருடக் கடைசியில். பேசும் பகுதியிலும் கேட்டல் வாசித்தலிலும் பி1, எழுத்தில் அதற்கு ஒரு படி கீழான ஏ2. பேச்சோடு மற்ற இரண்டில் ஒன்று பி1 என்றால் மொத்தமும் பி1தான். கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். எழுத்துச் சோதனையைப் பற்றி அம்பாளிடம் சொல்ல மறந்துவிட்டேன் போல.

அப்போது இரண்டு வருடத்துக்குள் எல்லாம் சித்தி அடைந்தால் கட்டிய காசில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். விண்ணப்பத்தில் வங்கி இலக்கம் கேட்டிருந்தது. எனக்கென்று கணக்கு இல்லை. "என்னுடையதைப் போடும்" என்றார் இவர். நான் தனியாக வங்கிக்குப் போனேன். கணக்குத் திறந்த பொடியன் பெயரைக் கேட்டு, எழுதத் தொடங்கி, நிறுத்தி, எழுத்துக்கூட்டச் சொன்னான். ஃபௌ, ஈ, யொட், ஆ, இப்சிலோன் என்று கடகடவென்று சொன்னேன். அவனால் பிடிக்க முடியவில்லை. "கொஞ்சம் மெதுவாக" என்றான்.

682 யூரோ 50 சதம் வந்தது. "அது நான் கட்டின காசுதானே" என்றார் இவர். உண்மைதான். ஆனாலும் அதில் 200ஐ அம்மாவுக்கு அனுப்பிவிட்டு போன் எடுத்தேன். வங்கிக்குப் போய் எடுத்துவிட்டாராம். சந்தோஷம்தான், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"மருமகனுக்குத் தெரியுமோ பிள்ளை?"