காய்ச்சலும் பாய்ச்சலும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசைமாவுக்கு மேல்தட்டில் ஒரு பேனா இருக்கிறது. எழுதுகிற பேனா இல்லை, ஊசிப்பேனா. உள்ளே டெரிபாராடைடு, எலும்பைக் கட்டுகிற மருந்து.

போன ஐப்பசி அடைமழையில் அம்மா கொல்லைப்புறப் பாசியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எலும்பு சல்லடையா இருக்கு" என்றார். அன்றிலிருந்து தினம் 20 மைக்ரோகிராம், வயிற்றிலோ தொடையிலோ. போடுவது நான்தான். முதல் வாரம் போட்டதும் தலை சுற்றுகிறது என்பாள். அதனால் திண்ணையில் உட்காரவைத்துத்தான் போடுவேன். பேனாவைத் திறந்து 28 நாள் ஆனால், மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். காலண்டர் தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். கரண்ட் போனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கபடி ஆடுகிறவன், வலது தோள் மூன்று மாதமாக மேலே போகவில்லை. பையிலிருந்து கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தான். அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

"என்ன மாப்ளே இது?"

"பி.பி.சி. 157, மாமா. பெப்டைடு. ஜிம்ல எல்லாரும் போடுறாங்க. உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்க உதவுமாம்." செய்தி சொல்கிற பி.பி.சி.யைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். நான் முழிப்பதைப் பார்த்து, "அம்மாச்சிக்குப் போடுறதும் பெப்டைடுதானே?" என்று மடக்கினான்.

அவன் சொன்னது சரிதான். அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்தால், சின்னச் சரம் பெப்டைடு, நீண்ட சரம் புரதம். அப்பா கடைசிவரை போட்டுக்கொண்ட இன்சுலினில் 51 மணி. அம்மாவின் மருந்தில் 34. கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் உள்ள 84 மணியில் முதல் 34 அது.

டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஹார்மோன் எந்நேரமும் ரத்தத்தில் கூடுதலாக நின்றால் எலும்பைத்தான் அரிக்குமாம். அதையே நாளுக்கு ஒருமுறை ஏற்றி, சில மணி நேரத்தில் வடியவிட்டால் எலும்பு கட்டும் செல்கள் வேலையில் இறங்குகின்றன. "காய்ச்சலும் பாய்ச்சலுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வயலில் தண்ணீர் தேங்கியே கிடந்தால் வேர் அழுகும், விட்டு விட்டுக் கட்டினால் தூர் வெடிக்கும். முறைத் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற கடைமடைக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் படம் போட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கை யாரோ மனிதர்களிடம் வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி கிடைத்த மருந்து. எவ்வளவு, எத்தனை மாதம், யாருக்குக் கூடாது, எல்லாம் எழுதியிருக்கிறது.

குப்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. வாங்கியவன் இதைப் படிக்கவே இல்லை! அப்புறம் ராத்திரி உட்கார்ந்து தேடினேன். இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்திலிருந்து எடுத்த 15 மணிச் சரம் என்கிறார்கள். ஆராய்ச்சி பெரும்பாலும் எலிகளில்தான். குதிகால் நாணை வெட்டிவிட்டு, ஊசி போட்டு, சீக்கிரம் சேர்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். சேர்ந்ததாக எழுதியிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. மனிதர்களில் பெரிய சோதனை எதுவும் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-இலிருந்து தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. கடைசிச் செய்தியைச் சொன்னதும்தான் கபடிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைச்சல், மெதுவாத்தான் ஆறும். மொதல்ல தோளை ஸ்கேன் எடு, பிசியோகிட்ட போ" என்றேன். நான் சொல்லி அவன் கேட்கிறவன் இல்லை.

திண்ணையில் சாய்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எலிக்குப் போட்டதையாடா நீ போட்டுக்கப் போற? வரப்பு முழுக்க வளை, அதுங்களுக்கு மருந்து வேற!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்புறம் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டானா, இல்லையா என்று தெரியாது. அன்றைக்கு அம்மாவுக்கு ஊசி போட்டது அவன்தான். இடது கையால்.