அம்பையில் கிராசிங்

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

வீரவநல்லூரில் அக்கா வீட்டில் மத்தியானம் சொதிச் சாப்பாடு. இஞ்சித் துவையலை அவ்வளவு தாராளமாக வைத்ததன் காரணம் கை கழுவியதும் தெரிந்தது. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று திரையில் ஒரு அறிவிப்பு.

"ஏலே, செவ்வாக்கிழமையோட இது ஓடாதா? இந்தச் சவத்தத் தூக்கி எங்கன போட?"

ஓடும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள்தான். இனி எங்காவது ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் வராது. ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் அடுத்த அக்டோபரில் மறுபடி இதே பஞ்சாயத்து. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டாளாம். "அது கண்டம் ஆன மெஷின்க்கா, நாப்பத்தஞ்சாயிரத்துல புதுசு எடுத்துருங்க" என்றிருக்கிறார்கள்.

2016-ல் வாங்கிய பெட்டி. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதனால் நோய்நொடி இல்லாத ஒரு மெஷினுக்குப் பாடை கட்டச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிரைண்டர் அம்மா 1994-ல் வாங்கியது. கல்லைக் கொத்திக் கொத்தி இன்னும் மாவாட்டுகிறோம்.

விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளம், இலவசமானது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா தன் மகளிர் குழுக் கணக்கு அழியாதே என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மருமகன் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, கேம் ஓடுமா?"

அக்டோபர் 14, செவ்வாய்

கெடு நாள். 2015-ல் வந்த விண்டோஸ் 10 பத்து வருஷம் உழைத்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல மெஷினைத் தெருவில் விடும் கணக்கைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

லினக்ஸில் பல வகை உண்டு, எதைப் போடுவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. டெபியன்தான். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. ஆகஸ்டில்தான் 13-ஆம் பதிப்பு வந்திருக்கிறது. விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு மின்ட் நல்லது என்பார்கள், நானும் மறுக்கவில்லை. ஆர்ச் எனக்குப் பிடிக்கும், என் வீட்டில் இருக்கும் வரை. அக்கா வீட்டில் அதைப் போட்டால் வாராவாரம் நான் அம்பையிலிருந்து, அதாவது அம்பாசமுத்திரத்திலிருந்து, பஸ் ஏற வேண்டும். டெபியன் நம்ம ஊர் பெரியவர்கள் மாதிரி. பைய வரும், வந்தால் நிற்கும்.

என் முதல் லினக்ஸ் தபாலில் வந்தது. 2007, பாளையங்கோட்டையில் கல்லூரியில் இருந்தேன். உபுண்டுக்காரர்கள் அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக சிடி அனுப்பினார்கள். வெளிநாட்டு முத்திரையைப் பார்த்துவிட்டு தபால்காரர் உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வேலையா கெடச்சிருக்கு?" என்று கேட்டார். ஆச்சியும் அதையே நினைத்துத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சித்தப்பா மகளுக்கு அரசு இலவச லேப்டாப் கிடைத்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடியாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. தெருவில் லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் செய்த முதல் வேலை அதை அழித்துவிட்டுப் படம் ஏற்ற இடம் பண்ணியது. நான்தான் இரண்டு மெஷினில் அழித்துக் கொடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். வீட்டு வாசல் வரை வந்த விருந்தாளியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அப்புறம் பிள்ளைகள் கேட்ட கேம் எதுவும் அதில் ஓடவில்லை. இரண்டாவது காரணத்தைப் பெரியவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் கணக்கில் அதுதான் முதல் காரணம்.

அக்டோபர் 16, வியாழன், இரவு

போட்டாயிற்று. நிறுவ அரை மணி நேரம், அக்காவைச் சமாதானப்படுத்த இரண்டு மணி நேரம்.

முதலில் நகத்தளவு வைஃபை டாங்கிள் மக்கர் பண்ணியது. டெபியனுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும், அதாவது சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருளையும், நிறுவும் வட்டில் சேர்க்கலாம் என்று 2022-ல் ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். கொள்கைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த முடிவும் இந்த டாங்கிளுக்கு உதவவில்லை. செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டதும் இணையம் வந்தது. லினக்ஸ் போடப் போகிறவன் கையில் ஒரு கேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, மெஷினை அணைத்துப் போட்டால் மெனுவில் டெபியன் மட்டும் நிற்கிறது. விண்டோஸைக் காணோம். அக்கா முகம் மாறிவிட்டது. "குழுக் கணக்கு போச்சா?" போகவில்லை. இந்த மெனுவைக் காட்டும் நிரல் க்ரப். அதன் 2.06 பதிப்பு வந்ததிலிருந்து பக்கத்தில் வேறு இயங்குதளம் உண்டா என்று தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக்காக அணைத்தே வைக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அப்டேட்-க்ரப் கொடுத்ததும் விண்டோஸ் மெனுவில் வந்து உட்கார்ந்தது. அதற்குள் அக்கா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டாள்.

கணக்குக் கோப்பை லிப்ரேஆபீஸில் திறந்தால் இன்னொரு கூத்து. பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு இங்கிலீஷ் எழுத்தும் நடுவே ஒரு அரைப்புள்ளியும் நிற்கின்றன. விண்டோஸ் பக்கத்திலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பியது. புதிதாகத் தட்டுவதையாவது யூனிகோடில் தட்டு என்று தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்ப்போம்.

அக்டோபர் 18, சனி

மருமகனின் முறை.

கேம் ஓடுமா என்றால் என் காலத்தில் ஒரே பதில், ஓடாது. இப்போது அப்படிச் சொன்னால் பொய். விண்டோஸ் நிரல் விண்டோஸிடம் ஒன்றைக் கேட்கும்போது நடுவில் நின்று லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிற துபாஷி வேலையை வைன் என்ற மென்பொருள் 1993-லிருந்து செய்துவருகிறது. 2018-ல் வால்வ் நிறுவனம் அதை எடுத்து, விண்டோஸின் டைரக்ட்3டி படவேலையை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே-யையும் சேர்த்து, புரோட்டான் என்று தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. 2022-ல் வந்த அவர்களுடைய கையடக்கக் கருவி ஸ்டீம் டெக் ஓடுவதே ஆர்ச் லினக்ஸின் மேல்தான். லினக்ஸ் ஆட்கள் பல வருஷம் தொண்டை வறளப் பேசியதை ஒரு கேம் கடைக்காரன் சாதித்துவிட்டான். நம் ஆட்கள் சிலருக்கு இது கசக்கிறது. எனக்குக் கசக்கவில்லை.

ஆனால் மருமகனும் கூட்டாளிகளும் ஆடுகிற அந்தத் துப்பாக்கிச் சண்டை மட்டும் ஓடவில்லை. படவேலையில் குறை இல்லை. கள்ள ஆட்டம் ஆடுகிறவனைப் பிடிக்க அது தன் காவலாளி ஒருவனை இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே உட்கார வைக்கும். லினக்ஸில் அவனுக்கு இடம் இல்லை. விளையாட வந்த பையன் பீரோச் சாவியைக் கேட்கிற மாதிரி இது. என் மெஷினில் கொடுக்க மாட்டேன்.

"அப்போ நான் யார்கூட வெளாடுறது?" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கொள்கைக்காக அவன் கூட்டாளிகளை ஏன் பிரிக்க வேண்டும்? அந்த விளையாட்டுக்கு மட்டும் விண்டோஸ் பக்கம் போ, அம்மாவின் கணக்கைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். எனக்கே அரை மனசுதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையிலிருந்து மழை. வெடி நனைந்துவிட்டது. பிள்ளைகள் ஆறு பேர் சூப்பர்டக்ஸ்கார்ட் முன்னால். இரண்டு பேர் ஒரே கீபோர்டில், திரையை இரண்டாகப் பிரித்துக் கார் ஓட்டுகிறார்கள், மற்ற நாலு பேர் சண்டை போடுகிறார்கள். பாக்கெட்டில் இருந்த முறுக்கு கீபோர்டுக்குள் போய்விட்டது.

அவர்கள் போனதும் ஆசைக்கு, பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸில் டேஞ்சரஸ் டேவ் போட்டேன். அம்பையில் கம்ப்யூட்டர் சென்டரில் சார் வெளியே டீ குடிக்கப் போகும் பத்து நிமிஷத்தில் ஆடியது. கோப்பையை எடுத்துக் கதவைப் பார்த்து ஓடும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனைப் பார்த்து மருமகன் சிரித்தான். "இதுக்கா மாமா இவ்ளோ பில்டப்?"

டூமைக் காட்டியபோது மட்டும் சிரிக்கவில்லை. 1993 டிசம்பரில் வந்த விளையாட்டு. நாலே வருஷத்தில், அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டார். டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வேறொருவருக்குச் சொந்தமானதால் கொடுத்தது லினக்ஸ் பதிப்பின் நிரல். படம், ஒலி, கட்டங்கள் எதையும் கொடுக்கவில்லை. நாயனத்தைக் கொடுத்துவிட்டு சீவாளியை மடியில் முடிந்துகொண்ட கதை. சீவாளியைப் புதிதாகச் செய்துகொண்டவர்கள்தான் ஃப்ரீடூம் கூட்டம். நாங்கள் ஆடியது அதை. திறந்துவிட்டதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடிவைத்த எத்தனையோ விளையாட்டுகள் சர்வரை அணைத்த அன்றே செத்தன.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஓபன்டிடிடி என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். 1994-ல் கிறிஸ் சாயர் எழுதிய ட்ரான்ஸ்போர்ட் டைகூனின் டீலக்ஸ் பதிப்பை, லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற சுவீடன்காரர் உள்ளே பிரித்துப் பார்த்து மறுபடி எழுதினார், 2004-ல் வெளியிட்டார். 2010-ல் 1.0 வந்ததிலிருந்து பழைய விளையாட்டின் கோப்பு இல்லாமலே ஆடலாம். தண்டவாளம் போட வேண்டும், ரயில் விட வேண்டும், லாபம் பார்க்க வேண்டும். துப்பாக்கி கிடையாது. பத்து நிமிஷத்தில் எழுந்து போவான் என்று நினைத்தேன்.

அவன் செய்தது வேறு. ஊர்களின் பெயரை மாற்றிக்கொண்டு நெல்லையிலிருந்து தென்காசிக்குப் பாதை போட ஆரம்பித்துவிட்டான். சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை, வரிசை மனப்பாடம். காருக்குறிச்சியை விட்டுவிட்டான், நாயனக்காரர் அருணாசலம் ஊரையா விட்டாய் என்று திட்டிச் சேர்க்க வைத்தேன்.

ஒற்றைப் பாதை, இரண்டு ரயில். கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவே இரண்டும் முட்டாத குறையாக எதிரெதிரே நின்றுவிட்டன. அசையவில்லை. ஒன்றைத் திருப்பி அனுப்பினான், மறுபடி அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே கதை. சிக்னல் போட்டுப் பார்த்தான். போட்ட இடம் தப்பு, இப்போது ரயில் ஸ்டேஷனை விட்டே கிளம்பவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிக்கொடுக்கக் கை துறுதுறு என்றது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: "நீ போற பாசஞ்சர் சில நாள் அம்பையில ஏம்ல சும்மா நிக்கி?"

"எதிர்ல வண்டி வரும், கிராசிங்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். மவுஸை எடுத்தான். அம்பை ஸ்டேஷனில் பக்கத்திலேயே இன்னொரு தடம் போட்டு, இரு முனையிலும் பிரதான பாதையோடு சேர்த்தான். தடத்தை விட்டு வெளியேறும் இடங்களில் சிக்னல். எதிர் வண்டி உள்ளே வந்து சேராமல் இந்த வண்டிக்கு வழி கிடைக்காது. முதல் சிக்னல் திசை மாறி விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி வைத்தான்.

தென்காசிப் பக்கமிருந்து வந்த வண்டி அம்பையில் நின்றது. சிவப்பு. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நெல்லை வண்டி கல்லிடையைத் தாண்டி ஆடி ஆடி வந்து பக்கத்துத் தடத்தில் ஏறியது. பச்சை விழுந்தது.

அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது: "வண்டி கிராசிங் முடிஞ்சா ரெண்டு பேரும் சாப்பிட வாங்கலே, ஆப்பம் ஆறுது."

"இரும்மா, இன்னும் பாவூர்சத்திரம் இருக்கு" என்றான்.